கார்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயர்... காசு யாருடையது? அமெரிக்க ‘செல்ஃப் ஃபண்டட்’ ஹெல்த் பிளானும் முதலாளியின் சட்டக் கடமையும்

நியூஜெர்சி மாநிலம் எடிசனில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் கடந்த ஆண்டு ஒரு நாள் இரவு கூப்பிட்டான். நமக்கு இரவு, அவனுக்குக் காலை. மனைவிக்கு முடக்குவாதம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசிக்கு, ‘முதலில் வேறு இரண்டு மருந்துகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லி அனுமதி மறுத்துவிட்டார்கள். கையில் இருக்கும் கார்டில் அமெரிக்காவின் பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் பெயர். கோபத்தில் மாநில இன்ஷூரன்ஸ் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து வந்த பதில் சுருக்கமானது: உங்கள் பிளான் செல்ஃப் ஃபண்டட், அது எங்கள் அதிகாரத்துக்குள் வராது.

“கார்டுல இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரு பெருசா போட்டிருக்குடா. ஆனா இன்ஷூரன்ஸ் டிபார்ட்மென்ட்டு இது எங்க வேலை இல்லைங்குது. அப்போ நான் யாருகிட்ட போய் நிக்கிறது?”

அவன் வேலை பார்க்கும் கம்பெனியிடம். அதுதான் பதில். ஆனால் பத்து வருடம் சம்பளத்தில் பிரீமியம் கட்டியவனுக்கே இது தெரியவில்லை. அங்கே இருக்கும் பெரும்பாலானவர்களுக்கும் தெரியாது. சென்னையில் நைட் ஷிஃப்ட்டில் ஏஆர் காலிங், மெடிக்கல் பில்லிங் பார்க்கும் நம் பிள்ளைகள் ‘செல்ஃப் ஃபண்டட்’ என்ற சொல்லை தினமும் கேட்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தைப் பற்றியது. என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளியின் மருத்துவப் பணத்தைக் கையாளும் முதலாளிக்கு அமெரிக்கச் சட்டம் மிகக் கடுமையான கடமைகளை வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கடமை மீறப்பட்டதா என்று கேட்கப் போகும் தொழிலாளியை நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். இது மாற வேண்டும்.

செல்ஃப் ஃபண்டட் என்றால் என்ன?

கம்பெனி தரும் ஹெல்த் பிளான் இரண்டு வகை. முதல் வகையில், கம்பெனி ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு பிரீமியம் கட்டிவிடும். யாருக்கு எவ்வளவு செலவானாலும் ரிஸ்க் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துடையது. நம்மூர் ஆபீஸ்களில் இருக்கும் குரூப் மெடிக்ளெய்ம் இப்படித்தான். நடுவில் டிபிஏ இருந்தாலும் பணம் தருவது இன்ஷூரன்ஸ் நிறுவனம். பிரச்னை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் வரை போகலாம்.

இரண்டாவது வகைதான் செல்ஃப் ஃபண்டட். இதில் ரிஸ்க்கை கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஆபரேஷனுக்கு 40,000 டாலர் பில் வந்தால், அது கம்பெனியின் பணத்திலிருந்தும் ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்த பணத்திலிருந்தும் போகிறது. கார்டில் பெயர் இருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் இங்கே ஒரு நிர்வாக ஏஜென்ட் மட்டும்தான். தன் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை வாடகைக்குக் கொடுக்கும், கிளெய்ம்களைப் பார்க்கும், அதற்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளும். மருந்துச் செலவை பிபிஎம் என்ற இன்னொரு இடைத்தரகர் நிறுவனம் பார்க்கும். எதிர்பாராத பெரிய செலவு வந்தால் சமாளிக்க, கம்பெனி தனக்காக ‘ஸ்டாப் லாஸ்’ என்று ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கலாம்.

இது ஏதோ ஓரமாக நடக்கும் ஏற்பாடு அல்ல. கேஎஃப்எஃப் என்ற ஆய்வு அமைப்பின் 2024 சர்வேபடி, கம்பெனி மூலம் ஹெல்த் பிளான் பெறும் ஊழியர்களில் 63 சதவீதம் பேர் செல்ஃப் ஃபண்டட் பிளானில்தான் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களை மட்டும் எடுத்தால் பத்தில் சுமார் எட்டுப் பேர். அதே சர்வேபடி குடும்பத்துக்கான பிளானின் சராசரி ஆண்டுச் செலவு 25,572 டாலர். அதில் சுமார் கால்வாசி, அதாவது 6,296 டாலர், ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. டாக்டரிடம் போகும்போது கட்டும் டிடக்டிபிள், கோ-பே எல்லாம் தனி.

கம்பெனிகளுக்கு இது ஏன் பிடிக்கிறது?

இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் லாபம் மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாநிலச் சட்டங்களிலிருந்து தப்பிக்கலாம்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மாநில அரசுகள். ஆனால் கம்பெனிகளின் பென்ஷன், ஹெல்த் பிளான்களுக்கு 1974-ல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டம் இருக்கிறது. இதன் கதை ஒரு கார் தொழிற்சாலையில் தொடங்குகிறது. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் இருந்த தன் ஆலையை மூடுவதாக அறிவித்தது. பென்ஷன் நிதியில் போதுமான பணம் இல்லை. 4,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு, சேர வேண்டிய பென்ஷன் மதிப்பில் சுமார் 15 சதவீதம்தான் கிடைத்தது. பல வருடம் உழைத்தும் ஒன்றுமே கிடைக்காமல் போனவர்களும் உண்டு. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாகப் பத்து ஆண்டு விவாதத்துக்குப் பிறகு வந்ததுதான் எரிசா. 1974 செப்டம்பர் 2, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டார்.

பென்ஷனைக் காப்பாற்ற வந்த சட்டம் ஹெல்த் பிளானையும் தன் குடைக்குள் கொண்டுவந்தது. கூடவே ஒரு விதியும் வைத்தது: கம்பெனியின் சொந்த பிளானை மாநில அரசுகள் ‘இன்ஷூரன்ஸ்’ என்று கருதிக் கட்டுப்படுத்தக் கூடாது. 1990-ல் எஃப்எம்சி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

இதன் விளைவு என்ன? நியூஜெர்சியில், 50 பேருக்கு மேல் இருக்கும் நிறுவனங்களுக்கு விற்கப்படும் இன்ஷூரன்ஸ் பிளான்கள் குழந்தையின்மை சிகிச்சைக்குப் பணம் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஒரே அபார்ட்மென்ட்டில் எதிரெதிர் வீடு. ஒரு தம்பதிக்கு ஐவிஎஃப் செலவு கிடைக்கிறது. எதிர்வீட்டுத் தம்பதியின் கம்பெனி செல்ஃப் ஃபண்டட் என்பதால் அந்தச் சட்டம் அவர்களைத் தொடாது. இரண்டு பேர் பர்ஸிலும் ஒரே மாதிரி கார்டு இருக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனம் திவாலானால் மாநில உத்தரவாத நிதி ஓரளவு கைகொடுக்கும். செல்ஃப் ஃபண்டட் கம்பெனி திவாலானால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டப்படாத ஆஸ்பத்திரி பில் உங்கள் வீடு தேடி வரலாம்.

அறங்காவலர் மாதிரி

மாநிலப் பாதுகாப்பை எடுத்த எரிசா, பதிலுக்கு என்ன கொடுத்தது? பிளானை நடத்துபவரை அது ‘ஃபிடூஷியரி’ ஆக்கியது. நம் மொழியில் சொன்னால் அறங்காவலர். கோயில் நிலத்தை நிர்வகிப்பவர் அதைத் தன் சொத்து மாதிரி நடத்த முடியாது. மச்சானுக்குப் பாதி வாடகையில் குத்தகைக்கு விட முடியாது. வாடகை எவ்வளவு என்றே கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘எனக்குத் தெரியாது’ என்றும் சொல்ல முடியாது. ‘சிவன் சொத்து குலநாசம்’ என்று நம்மூரில் பயமுறுத்துவார்கள். எரிசா அதையே சட்டப் பிரிவாக எழுதியிருக்கிறது.

பிரிவு 404 சொல்வதன் சாரம் இது:

1. பிளான் தொடர்பான முடிவுகளை ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தினர் ஆகியோரின் நலனுக்காக மட்டுமே எடுக்க வேண்டும். பிளானின் பணம் சிகிச்சைக்கும் நியாயமான நிர்வாகச் செலவுக்கும்தான்.

2. விஷயம் தெரிந்த, கவனமான ஒருவர் எப்படிச் செய்வாரோ அப்படிச் செய்ய வேண்டும். ‘எனக்கு மருந்து விலை பற்றி ஒன்றும் தெரியாது’ என்பது சாக்கு அல்ல. தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

3. பிளான் ஆவணத்தில் எழுதியிருப்பதை, அது சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை, அப்படியே பின்பற்ற வேண்டும்.

பிரிவு 406 சுயலாப டீலிங்கைத் தடை செய்கிறது. பிரிவு 409 கடமை தவறியவர் பிளானுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத் தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. கம்பெனியின் கையை மட்டுமல்ல, முடிவெடுத்த அதிகாரியின் கையையும் பிடிக்கும் சட்டம் இது.

“நாங்கதான் டிபிஏகிட்ட கொடுத்துட்டோமே” என்று ஹெச்ஆர் சொல்வது வழக்கம். வேலையை வெளியே கொடுக்கலாம். ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், கொடுத்த பிறகு கண்காணிப்பதும் கம்பெனியின் கடமை. அதை வெளியே கொடுக்க முடியாது. சம்பளத்தில் பிடித்த உங்கள் பங்கு, தொழிலாளர் துறை விதிகளின்படி, பிளானின் சொத்து.

ஆனால் ஒரு ஓட்டை

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிளானை நடத்தும்போதுதான் முதலாளி அறங்காவலர். பிளானை வடிவமைக்கும்போது, அதாவது எதற்குப் பணம் தருவோம், எதற்குத் தர மாட்டோம் என்று தீர்மானிக்கும்போது, அவர் வெறும் முதலாளிதான்.

இதன் விலை என்ன என்பதை ஹூஸ்டனில் ஒரு மியூசிக் கடை ஊழியர் தெரிந்துகொண்டார். 1987-ல் அவருக்கு எய்ட்ஸ் உறுதியானது. கம்பெனியிடம் சொன்னார். 1988-ல் கம்பெனி தன் பிளானை செல்ஃப் ஃபண்டடாக மாற்றியது. அதுவரை ஒருவருக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கக்கூடிய தொகை 10 லட்சம் டாலர். புதிய பிளானில் எய்ட்ஸுக்கு மட்டும் அது 5,000 டாலர். வேறெந்தப் பெரிய நோய்க்கும் அப்படி ஒரு வரம்பு இல்லை. அவர் வழக்கு போட்டார். 1991-ல் ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றம், பிளானை மாற்ற முதலாளிக்கு உரிமை உண்டு என்றது. உச்ச நீதிமன்றம் அப்பீலை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

இன்று இதே காரியத்தை அதே மாதிரி செய்ய முடியாது. 2010-ல் வந்த ‘ஒபாமாகேர்’ சட்டம், அத்தியாவசிய சிகிச்சைகளுக்கு ஆயுள் வரம்பும் ஆண்டு வரம்பும் வைப்பதைத் தடை செய்தது. அது செல்ஃப் ஃபண்டட் பிளான்களுக்கும் பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி ஒதுக்கவும் முடியாது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம், எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரி பெரிய பில் நீட்டுவதைத் தடுக்கிறது. அதுவும் இவர்களுக்குப் பொருந்தும். ஆனால் வடிவமைப்பில் முதலாளிக்கு இருக்கும் சுதந்திரம் இன்னும் பெரியதுதான்.

2021 சட்டம் கண்ணைத் திறந்தது

நீண்ட காலம் முதலாளிகளுக்கு ஒரு வசதியான சாக்கு இருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கம்பெனிக்கே தெரியாது. டிபிஏவும் பிபிஎம்மும் போடும் ஒப்பந்தத்தில் ‘விலையை வெளியே சொல்லக் கூடாது’ என்று ஒரு ஷரத்து இருக்கும். பணம் கொடுப்பவருக்கே பில் விவரம் கிடையாது என்றால் நம்மூர் கல்யாண கான்ட்ராக்டர்கூடச் சிரிப்பார்.

2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான 2021-ம் ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இதை மாற்றியது. விலை, தர விவரங்களை மறைக்கும் அந்த ஷரத்துகளுக்குத் தடை. அப்படி எதுவும் தன் ஒப்பந்தத்தில் இல்லை என்று ஒவ்வொரு ஆண்டும் பிளான் தரப்பில் மத்திய அரசுக்கு உறுதிமொழி தர வேண்டும். பிளானுக்கு ஆலோசனை சொல்லும் புரோக்கர், 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கும் நேரடி, மறைமுக வருமானத்தை கம்பெனியிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். மருந்துச் செலவு விவரத்தை ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்ப வேண்டும்.

அதாவது, ‘தெரியாது’ என்று சொல்லும் வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. இனி தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் கடமை தவறுவதுதான் என்ற வாதத்துக்கு இங்கிருந்துதான் பலம் வந்தது.

நீதிமன்ற வாசலில்

அந்த வாதத்தோடு முதல் பெரிய வழக்கு 2024 பிப்ரவரியில் வந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் மீது அதன் ஊழியர் ஒருவர் நியூஜெர்சி மத்திய நீதிமன்றத்தில் தொடுத்தார். குற்றச்சாட்டு இதுதான்: நரம்பு நோய்க்கான ஒரு ஜெனரிக் மருந்தின் 90 மாத்திரைகளுக்கு பிளான் 10,000 டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அதையே கார்டு காட்டாமல் மருந்துக் கடைகளில் வாங்கினால் 28 முதல் 77 டாலர் வரைதான். கவனமான எந்த அறங்காவலர் இதற்குக் கையெழுத்துப் போடுவார்? நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

2025 ஜனவரியில் வழக்கின் முக்கியமான பகுதி தள்ளுபடியானது. விலை நியாயம்தானா என்று நீதிமன்றம் ஆராயவே இல்லை. வழக்கு தொடுத்தவருக்கு நேரடி நஷ்டம் இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்றது. காரணத்தைக் கவனியுங்கள். அவர் நோயாளி. வேறு சிகிச்சைச் செலவுகளாலேயே அந்த ஆண்டுக்கான சொந்தச் செலவு உச்சவரம்பைத் தொட்டுவிட்டார். அதனால் மாத்திரை விலை குறைந்திருந்தாலும் அவர் கையிலிருந்து போன பணம் குறைந்திருக்காது. பிளானின் செலவு ஏறியதால்தான் பிரீமியம் ஏறியது என்பதோ வெறும் ஊகம்.

2024 ஜூலையில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் மீது அதே மாதிரி ஒரு வழக்கு. அதுவும் 2025 மார்ச்சில், ஏறக்குறைய அதே காரணத்துக்காகத் தள்ளுபடி. அதே மாதம் ஜேபி மார்கன் சேஸ் மீது இன்னொரு வழக்கு பதிவானது.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். அதிகம் நோய்வாய்ப்பட்டவர் உச்சவரம்பைத் தொட்டுவிடுவதால் அவருக்கு நஷ்டம் இல்லை. நோயே இல்லாதவர் மருந்தே வாங்கவில்லை, அவருக்கும் நஷ்டம் இல்லை. பிரீமியம் ஏறியது எல்லோருக்கும்தான், ஆனால் அது ஊகம். அப்போது யார்தான் கேட்பது? கோயில் நிலத்தை மச்சானுக்குக் கொடுத்த அறங்காவலர் மீது வழக்குப் போடப் போன பக்தரிடம், ‘உனக்குக் கொடுத்த சுண்டலில் எத்தனை கிராம் குறைந்தது, நிரூபி’ என்று கேட்பதைப் போல இருக்கிறது.

கிளெய்ம் மறுக்கப்பட்டவர் தன் சிகிச்சைக்காக வழக்குப் போடலாம். அங்கே வாசல் திறந்திருக்கிறது. ஆனால் ஜெயித்தாலும், தர வேண்டிய தொகைதான் கிடைக்கும், சில சமயம் வக்கீல் கட்டணமும். தாமதத்தால் உடல்நிலை மோசமானதற்கு நஷ்ட ஈடு கிடையாது. 2004-ல் டாவிலா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டத்தின் கீழ் அப்படி நஷ்ட ஈடு கேட்கும் வழியையும் அடைத்துவிட்டது.

முதலாளிகள் தரப்பில் சொல்வது

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹெல்த் பிளான் கொடுப்பது கம்பெனியின் முக்கியத் தொழில் அல்ல. பிபிஎம் சந்தையில் மூன்றே நிறுவனங்கள் அமெரிக்காவின் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. அவர்களோடு பேரம் பேச நடுத்தரக் கம்பெனிக்கு எங்கே பலம்? ஒரு மருந்தின் விலையை மட்டும் பிய்த்து எடுத்துக் காட்டுவதும் சரியல்ல, மொத்த ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வழக்குகள் பெருகினால் கம்பெனிகள் பிளானையே சுருக்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள்.

ஒரு மருந்தை மட்டும் பார்க்கக் கூடாது என்பது சரி. அப்படியானால் மொத்த ஒப்பந்தத்தையும் நீதிபதி முன்னால் வைத்துக் காட்டலாமே? விலையைக் கேட்டார்களா, வேறு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கினார்களா, புரோக்கரின் கமிஷனைப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. செயல்முறை ஒழுங்காக இருந்தால், முடிவு தவறாகப் போனாலும் சட்டம் பெரும்பாலும் மன்னிக்கும். சிரமப்பட்டுச் செய்த கம்பெனிக்கு இதில் பயப்பட எதுவும் இல்லை. பலம் இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2023-ல் கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனம், தன் பிளானை நிர்வகித்த ஏட்னா தவறான கிளெய்ம்களுக்குப் பணம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டி வழக்கே போட்டது. அறங்காவலர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இடைத்தரகரைக் கேள்வி கேட்க முடியும்.

அதனால் அமெரிக்க நாடாளுமன்றம் ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும்: பிளானுக்கு நஷ்டம் என்றால், பிரீமியம் கட்டும் எந்த ஊழியரும் பிளானின் சார்பில் கேட்கலாம். வரும் பணம் பிளானுக்கே போகட்டும். உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தைக் காட்டி இதற்கும் முட்டுக்கட்டை போடலாம். அதனால் தொழிலாளர் துறை தானாகவே பிளான்களைத் தணிக்கை செய்யும் அளவுக்கு ஆளும் நிதியும் வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள், அங்கே அண்ணனோ தங்கையோ இருப்பவர்கள் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: ஹெச்ஆரிடம் “நம்ம பிளான் செல்ஃப் ஃபண்டடா?” என்று மெயிலில் கேளுங்கள். மாநிலப் பல்கலைக்கழகம், அரசு அலுவலகம், சர்ச் நடத்தும் நிறுவனம் ஆகியவற்றின் பிளான்களுக்குப் பொதுவாக எரிசா பொருந்தாது. போஸ்ட்டாக் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆவணம் கேளுங்கள்: பிளானின் சுருக்க விளக்கம், முழு பிளான் ஆவணம் இரண்டையும் எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் நாளுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம்.

மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்: எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். கிளெய்ம் ஃபைலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

அப்பீல்: மறுப்பு வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம். முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரோ அப்பீலை விசாரிக்கக் கூடாது. அவசர சிகிச்சை என்றால் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வெளி மறுஆய்வு: அப்பீலும் தோற்றால், மருத்துவ ரீதியான காரணங்களுக்காக மறுக்கப்பட்டவற்றை, பிளானோடு சம்பந்தமில்லாத சுதந்திர அமைப்பின் பார்வைக்கு அனுப்பச் சொல்லலாம். நான்கு மாதத்துக்குள் கேட்க வேண்டும். அந்த அமைப்பின் முடிவு பிளானைக் கட்டுப்படுத்தும்.

புகார்: மாநில இன்ஷூரன்ஸ் துறை அல்ல, மத்தியத் தொழிலாளர் துறையின் கீழ் வரும் எப்சா என்ற பிரிவு. அதன் ஆலோசகர்கள் கட்டணம் இல்லாமல் உதவுவார்கள்.

ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் கேட்கத் தயங்குவது புரிகிறது. ‘கேள்வி கேட்டா வேலை போயிடுமோ’ என்ற பயம். பிளானில் உள்ள உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதையும் பழிவாங்குவதையும் எரிசாவின் 510-வது பிரிவு தடை செய்கிறது. பிளான் மூலம் தெரியவரும் உங்கள் நோய் விவரத்தை வேலை தொடர்பான முடிவுக்குப் பயன்படுத்துவதும் ஹிப்பா விதிகளின்படி தவறு. காகிதத்தில் இருக்கும் உரிமை பயத்தை முழுசாகப் போக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வேலையே போனால்? 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் ‘கோப்ரா’ சட்டப்படி பொதுவாக 18 மாதம் வரை அதே பிளானில் தொடரலாம். ஆனால் முழுச் செலவையும், கூடவே 2 சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும்.

நண்பன் கதைக்கு வருகிறேன். ஹெச்ஆர் முதலில் “அது டிபிஏ முடிவு, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். அவன் பிளான் ஆவணத்தை எழுத்தில் கேட்டான். மூன்று வாரம் கழித்து, 140 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் அந்த ஊசிக்கு முன்னால் ஒரு மருந்தைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும் என்று இருந்தது. மறுப்புக் கடிதமோ இரண்டு கேட்டது. அவன் மனைவி பழைய கம்பெனியில் இருந்தபோதே ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டார். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, பழைய பிரிஸ்கிரிப்ஷனை இணைத்து அப்பீல் அனுப்பினான். அனுமதி வந்துவிட்டது.

இடையில் போன இரண்டரை மாதம் அவன் மனைவியால் காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அந்த நாட்களுக்கு யாரிடமும் எதையும் கேட்க முடியாது. எரிசாவில் அதற்கு இடமில்லை.